நாட்டியமே தொழில்: கட்டணம், மேடை, கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரதநாட்டியம் கற்றுத்தருகிறேன், மேடையிலும் ஆடுகிறேன், சக ஆசிரியர்கள் சிலருக்கு வரவுசெலவு எழுதவும் உதவுகிறேன். டிப்ளமோ முடித்த பிள்ளைகள், புதிதாக வகுப்பு தொடங்கியவர்கள், அவர்களுடைய பெற்றோர் என்று யார் பேசினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டமும் வரியும் பற்றிய பதில்கள் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு ஆடுபவர்களுக்கானவை.

நாட்டியத்தை மட்டும் நம்பி வாழ முடியுமா?

முடியும். ஆனால் மேடையை மட்டும் நம்பி வாழ்வது மிகச் சிலருக்கே வாய்க்கிறது. இந்தத் தொழிலில் நிலையாக நிற்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். அவர்களுடைய மாதச் செலவை வகுப்பு சுமக்கிறது. அதற்கு மேல் கச்சேரி, நட்டுவாங்கம் (தாளம் தட்டி, சொற்கட்டு சொல்லி ஆட்டத்தை நடத்துவது), பள்ளி ஆண்டுவிழாவுக்கு நடனம் அமைத்தல், பயிற்சிப் பட்டறை என்று இரண்டு மூன்று வரவுகள் சேர்கின்றன.

இதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. வகுப்பு வருமானம் சரியாக இருந்தால்தான் மேடையில் நியாயமில்லாத நிபந்தனைக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் துணிவு வரும். வீட்டு வாடகைக்கே தவிப்பவரால் எந்த அமைப்பாளரிடமும் பேரம் பேச முடியாது. கீழே வரும் பதில்கள் பலவும் இந்த ஒன்றிலிருந்துதான் பிறக்கின்றன.

இப்போது அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எப்போது அதை விடலாம்?

ஒரு நல்ல கச்சேரியின் கைதட்டலைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஒரு முழு ஆண்டின் கணக்கைப் பார்த்து முடிவெடுங்கள். மாணவர்கள் குறையும் தேர்வு மாதங்களும், ஊருக்குப் போய்விடும் மே மாதமும் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். மெலிந்த மாதங்களிலும் வீட்டுச் செலவு நடந்தது, ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியிலும் இருக்கிறது என்றால் விடலாம். வேலையைப் பார்த்துக்கொண்டே நன்றாக ஆடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களை அரைக் கலைஞர்கள் என்று பேசுவது அநியாயம்.

வகுப்புக் கட்டணத்தை எப்படி முடிவு செய்வது? எல்லோரும் வாங்குவதையே வாங்கலாமா?

'எல்லோரும் வாங்குவது' என்ற தொகையை ஒரு காலத்தில் யாரோ மனக்கணக்காகச் சொல்லியிருப்பார்கள். உங்கள் வாடகை அவர்களுக்குத் தெரியாது. உங்கள் செலவிலிருந்து தொடங்குங்கள். எடுத்துக்காட்டாக, வீட்டுக்கு உங்கள் பங்கு மாதம் 28,000 ரூபாய், கூடத்து வாடகை 8,000, பயணமும் பொருள்களும் 4,000, காப்பீடும் சேமிப்பும் 5,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 45,000. உங்களிடம் 40 மாணவர்கள் இருந்தாலும் 40-ஆல் வகுக்காதீர்கள். ஆண்டு முழுவதும் உறுதியாகக் கட்டணம் செலுத்துபவர்கள் 30 பேர் என்றால் 30-ஆல் வகுங்கள். ஒருவருக்கு 1,500 ரூபாய் வருகிறது. இவை வழியைக் காட்டுவதற்கான எண்கள் மட்டுமே. உங்கள் ஊரின் எண்களை நீங்களே போட்டுப் பாருங்கள்.

உங்கள் பகுதியில் அந்தத் தொகை கட்டுப்படியாகாது என்று தோன்றினால் கூடத்தை மாற்றலாம், நேரத்தைப் பகிரலாம், பள்ளி ஒன்றில் இரண்டு நாள் வகுப்பு எடுக்கலாம், சற்றுப் பெரிய குழுவாகச் சேர்க்கலாம். பலர் முதலில் கை வைப்பது அந்த 28,000-இல்தான். கடைசியாகக்கூடத் தொடக் கூடாத தொகை அது. காப்பீட்டுக்கும் சேமிப்புக்கும் ஒதுக்கிய தொகையையும் அப்படியே காப்பாற்றுங்கள். அது ஏன் என்பதை முழங்கால் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

வந்த வகுப்புகளை எண்ணிக் காசு வாங்கும் முறை வேண்டாம். ஆண்டுக் கட்டணத்தைப் பன்னிரண்டாகவோ மூன்று பருவமாகவோ பிரித்து வாங்குங்கள். குழந்தை உறவினர் திருமணத்துக்குப் போனாலும் கூடத்துக்காரர் வாடகையைக் குறைப்பதில்லை. இதைச் சேர்க்கும்போதே பெற்றோரிடம் சொல்லிவிட்டால் பிறகு மனத்தாங்கல் வராது.

பக்கத்துத் தெருவில் பாதிக் கட்டணத்துக்குச் சொல்லித்தருகிறார்கள். நானும் குறைக்க வேண்டுமா?

குறைத்தால் அடுத்த மாதம் அவரும் குறைப்பார். முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அவர் சொந்த வீட்டுக் கூடத்தில் நடத்துபவராக இருப்பார், அல்லது தம் உழைப்பைக் கணக்கில் சேர்க்காதவராக இருப்பார். மேலே சொன்ன கணக்கை அவரோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். ஒரே ஊரில் ஆசிரியர்கள் ஒருவரையொருவர் சந்திக்காமலே போட்டி போடுவதுதான் இந்தத் தொழிலின் பெரிய நஷ்டம்.

எல்லோரும் ஒரே கட்டணம் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அனுபவமும் இடமும் வேறுபடும்போது தொகையும் வேறுபடட்டும். நிபந்தனைகள் பொதுவாக இருந்தால் போதும்: கட்டணம் மாதத் தொடக்கத்தில் செலுத்தப்பட வேண்டும், பழைய ஆசிரியரிடம் பாக்கி வைத்துவிட்டு வரும் மாணவரை அதைத் தீர்க்காமல் சேர்ப்பதில்லை, மேடைக்குச் சன்மானம் இல்லாமல் போவதில்லை. ஒரு ஊரில் நாலைந்து ஆசிரியர்கள் இவற்றைக் கடைப்பிடித்தாலே நிலைமை மாறும்.

வசதியில்லாத குழந்தை வந்தால் என்ன செய்வது?

சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எத்தனை இடம் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவு செய்து, அதையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள். அப்போது அது உங்கள் கொடையாக இருக்கும். இல்லாவிட்டால் யார் தரவில்லை, யாரால் தர முடியவில்லை என்பதே தெரியாமல் போகும். அந்தக் குழந்தைக்கும் அதே வரிசையில், அதே கவனத்தோடு பாடம் நடக்க வேண்டும். மற்ற குழந்தைகளுக்கு இந்த ஏற்பாடு தெரியவே கூடாது.

"தெய்வீகக் கலையை விற்கிறாயா?" என்று கேட்கிறார்கள். கோயிலில் ஆடுவதற்குப் பணம் கேட்பது தவறா?

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டைத்தான் நான் பதிலாகச் சொல்வேன். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசன் அக்கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட 400 ஆடல் மகளிரை அமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் குடியிருக்க வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் வரும் பங்கு ஒன்றும் என்று கல்லில் பெயரோடு வெட்டி வைத்தான். நட்டுவம் செய்தவர்களுக்கும் இசைத்தவர்களுக்கும் பங்கு உண்டு. கோயிலில் ஆடுபவருக்கு எதுவும் தர வேண்டியதில்லை என்பது பழைய மரபு என்று யாராவது சொன்னால், அது மரபு அல்ல.

கோயிலில் ஆடிவந்த அந்த மரபுக் குடும்பங்களின் மானியமும் உரிமையும் பிற்காலத்தில் பறிபோயின. 1947-இல் சென்னை மாகாணம் தேவதாசி முறையைச் சட்டத்தால் ஒழித்தது. வசதியான வீடுகளின் பெண்கள் பரதம் கற்க வந்தபோது, ஆடி வாழ வேண்டிய தேவை அவர்களில் பலருக்கு இல்லை. சன்மானம் கேட்பது கௌரவக் குறைவு என்ற எண்ணம் ஊறியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து. வேண்டுதலுக்காக, உங்கள் விருப்பத்தால் ஒரு சன்னதியில் ஆடுங்கள், அது வேறு. மைக்காரருக்கும் பந்தல்காரருக்கும் பணம் தரும் விழாவில் ஆடுபவருக்கு மட்டும் பிரசாதத்தோடு நிறுத்திக்கொள்வது நியாயமாகாது.

கச்சேரிக்கு எவ்வளவு கேட்பது? எல்லாம் பக்கவாத்தியத்துக்கே போய்விடுகிறதே?

இதுதான் நான் மிக அதிகமாகக் கேட்கும் புலம்பல். எடுத்துக்காட்டாக ஓர் அமைப்பு 25,000 ரூபாய் தருகிறது என்போம். நட்டுவாங்கம் 5,000, பாட்டு 5,000, மிருதங்கம் 4,000, வயலின் 4,000. ஒப்பனைக்கு 2,500, வண்டிக்கு 3,000, ஒத்திகைக்கு வந்தவர்களின் போக்குவரத்தும் சாப்பாடும் 2,000. கூட்டினால் 25,500. வர்ணம் என்ற நீண்ட நடன உருப்படியை மூன்று மாதம் பழகி, ஒன்றரை மணி நேரம் ஆடியவர் தன் கையிலிருந்து 500 ரூபாய் போட்டிருக்கிறார்.

பக்கவாத்தியக்காரர்கள் அதிகம் வாங்குகிறார்கள் என்பது இதற்கு விளக்கம் அல்ல. அவர்கள் தங்கள் தொகையை முன்பே சொல்லிவிடுகிறார்கள், அது சரியான பழக்கம். ஆடுபவர்தான் தன் பெயரைப் பட்டியலில் எழுதாமல், மிச்சம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார். அடுத்த முறை பட்டியல் போடும்போது முதல் வரியில் உங்கள் பெயரையும் சன்மானத்தையும் எழுதுங்கள். அதற்குக் கீழே மற்றவர்கள், அதற்குக் கீழே செலவுகள். கூட்டுத்தொகை அமைப்பாளர் சொன்னதைவிட அதிகமானால் பட்டியலை அவரிடமே காட்டிப் பேசுங்கள். பெரும்பாலான அமைப்பாளர்களுக்கு ஒரு நாட்டியக் கச்சேரியின் உண்மையான செலவு தெரியாது. தெரிந்ததும் சிலர் தொகையைக் கூட்டியிருக்கிறார்கள். கூட்ட முடியாதவரிடம் நேரத்தை ஒரு மணியாகக் குறைக்கவோ, வயலினும் புல்லாங்குழலும் என்பதை ஒன்றாக்கவோ பேசலாம்.

உங்கள் சன்மானத்தைக் கணக்கிட மேடை நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒத்திகை நாள்கள், ஒப்பனைக்குப் போகும் நேரம், அன்று நிறுத்திவைத்த வகுப்பு எல்லாம் சேரட்டும்.

செலவைக் குறைக்கப் பதிவு செய்த இசைக்கு ஆடலாமா?

சிறிய மேடைக்கு ஆடலாம். ஆனால் அந்தப் பதிவில் பாடியவர், வாசித்தவர் எல்லோரும் அதை எத்தனை மேடைக்கு, யார் பயன்படுத்தலாம் என்று ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துபவருக்கென்று தனி உரிமை தருகிறது, அதன் காலம் 50 ஆண்டுகள். உங்களுக்காக ஒரு முறை பாடிக்கொடுத்த பதிவை நீங்கள் தோழிக்கு அனுப்ப, அவர் இன்னொருவருக்கு அனுப்பினால், அந்தப் பாடகர் வருமானத்தை இழக்கிறார். நமக்கு நியாயம் கேட்டுக்கொண்டு அவருக்கு அதை மறுக்கக் கூடாது.

உருப்படியின், அதாவது நீங்கள் ஆடும் பாடலின், உரிமையையும் பாருங்கள். பல தலைமுறைகளுக்கு முன் வாழ்ந்த தஞ்சை நால்வரின் வர்ணம், க்ஷேத்ரய்யாவின் பதம் போன்ற பாடல்கள் யாருக்கும் பொதுவானவை. இந்தியாவில் பாடலாசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார் என்பதால் அவருடைய பாடல்களுக்கு 2033 முடியும் வரை உரிமைக் காலம் இருக்கிறது. இணையத்தில் காணொளி ஏற்றும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

மேடை வேண்டுமென்றால் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

'நன்கொடை', 'மண்டபச் செலவில் பங்கு', 'இத்தனை டிக்கெட் விற்றுத் தர வேண்டும்' என்று பல பெயர்களில் இது வரும். என் பதில்: கட்ட வேண்டாம். மார்கழியில் பகல் நேரத்தில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் காசு கொடுத்து ஆடிய கச்சேரி அடுத்த வாய்ப்பைக் கொண்டுவருவது அரிது. கட்டியவர் பெயர் அடுத்த ஆண்டும் கட்டுபவர்களின் பட்டியலில்தான் இருக்கும். பணமுள்ள வீட்டுப் பிள்ளைகள் மேடை ஏற, திறமையுள்ள மற்றவர்கள் வெளியே நிற்கும் நிலையை இந்த வழக்கம் உண்டாக்குகிறது.

அதே பணத்தில் நீங்களே ஒரு சிறிய கூடத்தை எடுத்து, அழைப்பு அச்சடித்து, நூறு பேரை உட்காரவைத்து ஆடுங்கள். நல்ல ஒலிப்பதிவோடு காணொளி எடுத்து வையுங்கள். விண்ணப்பங்களுக்கு அது உதவும். நுழைவுக் கட்டணம் சிறிதாயினும் வையுங்கள்.

"சன்மானம் இல்லை, ஆனால் நல்ல அறிமுகம் கிடைக்கும்" என்றால்?

யாருக்கு அறிமுகம் என்று கேளுங்கள். பார்வையாளர்களில் நிகழ்ச்சி அமைப்பவர்கள் எத்தனை பேர், காணொளி உங்களுக்குக் கிடைக்குமா, பெயர் அழைப்பிதழில் வருமா? தெளிவான பதில் வந்தால் யோசிக்கலாம், அதுவும் பக்கவாத்தியச் செலவை அவர்கள் ஏற்றால் மட்டும். இருபது வயதில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு இப்படி ஆடுவது புரிந்துகொள்ளக்கூடியது. நிறுவனம் ஒன்று தன் விளம்பர விழாவுக்கு அழைத்துவிட்டு இதைச் சொன்னால் நேராக மறுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டால் தவறாக நினைக்க மாட்டார்களா?

பத்திரம் எழுத வேண்டியதில்லை. தொலைபேசியில் பேசி முடித்தவுடன் ஒரு வாட்ஸ்அப் செய்தியோ மின்னஞ்சலோ போதும்: "வணக்கம். நாம் பேசியபடி, இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இத்தனை நிமிடம். சன்மானம் இவ்வளவு. பாதி முன்பணம், மீதி நிகழ்ச்சி முடிந்த அன்றே. மேடை அளவு இது, தரை மரமா சிமென்டா என்று தெரிவியுங்கள். நிகழ்ச்சிக்கு முந்தைய பத்து நாளுக்குள் ரத்தானால் முன்பணம் திருப்பப்படாது." அவர்கள் 'சரி' என்று பதில் எழுதினால் அதுவே ஆதாரம். மரியாதையான மொழியில் எழுதினால் மனம் கோணுபவர்கள் குறைவு. கோணுபவரிடம் பணம் வாங்குவது எப்படியும் கடினமாகத்தான் இருந்திருக்கும்.

வயதில் மூத்தவர், குருவின் நண்பர் என்றால் வாய் வராது என்பது எனக்குத் தெரியும். அப்போது உங்கள் சார்பில் வேறொருவர் எழுதட்டும். தோழியோ, அண்ணனோ, மூத்த மாணவியின் அம்மாவோ கணக்கு விஷயங்களைப் பேசுவது பல கலைஞர்களுக்கு நன்றாக வேலை செய்கிறது.

நிகழ்ச்சி முடிந்து பல மாதம் ஆகியும் பணம் வரவில்லை. வழக்கா போட முடியும்?

போட முடியும், ஆனால் அது கடைசிப் படி. முதலில் மேலே சொன்ன செய்தியை இணைத்து, ஒரு தேதி குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ். இப்படிப்பட்ட பாக்கியைக் கேட்டு வழக்குத் தொடர 3 ஆண்டுக் காலவரம்பு உண்டு என்பதால் 'பார்க்கலாம்' என்று தள்ளிப்போட வேண்டாம்.

பலருக்கும் தெரியாத ஒன்று: 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்கள் எவரும், வருமானம் எவ்வளவானாலும், இலவசச் சட்ட உதவி பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால், வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள். சிறிய தொகைகளுக்கு இதுவே ஏற்ற வழி.

வருமான வரி, ஜிஎஸ்டி எல்லாம் எனக்கும் உண்டா?

வகுப்புக் கட்டணமும் சன்மானமும் வருமானம்தான். ரொக்கமாக வந்தாலும் எழுதி வையுங்கள். ஆடை, சலங்கை, கூடத்து வாடகை, பக்கவாத்தியத்துக்குக் கொடுத்தது ஆகியவை தொழில் செலவு, ரசீது இருந்தால் கழிக்கலாம். அமைப்பாளர் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தால் பதற வேண்டாம். உங்கள் பேன் எண்ணில் அது வரவாகியிருக்கிறதா என்று வருமான வரித் துறையின் இணையதளத்தில் பாருங்கள். கட்ட வேண்டிய வரியைவிட அதிகம் பிடித்திருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். வங்கிக் கடன், விசா இரண்டுக்கும் ரிட்டர்ன் கேட்பார்கள் என்பதால் வரி வராத ஆண்டிலும் தாக்கல் செய்வது நல்லது.

ஜிஎஸ்டி பெரும்பாலோரைத் தொடாது. சேவைகளுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவுக் கேள்வியே எழும். செவ்வியல், நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிகளுக்கு ஒரு நிகழ்ச்சியின் சன்மானம் ஒன்றரை லட்சம் வரை விலக்கு இருக்கிறது. தனிநபராகக் கலைப் பயிற்சி தருவதற்கும் விலக்கு உண்டு. இந்த இரண்டாவது விலக்கு 2022 முதல் தனிநபருக்கு மட்டும் என்று ஆகிவிட்டதால், பள்ளியை நிறுவனமாகப் பதிவு செய்யும் முன் ஆடிட்டரிடம் பேசுங்கள்.

அரசு உதவித்தொகை எதுவும் உண்டா? தரநிலைச் சான்றிதழால் பயன் உண்டா?

உண்டு, விண்ணப்பிப்பவர்கள்தான் குறைவு. 10 முதல் 14 வயதுக் குழந்தைகளுக்கு மத்திய அரசின் கலாசாரப் பயிற்சி மையமான சிசிஆர்டி நிறுவனத்தின் கலைத்திறன் உதவித்தொகை. 18 முதல் 25 வயதினருக்கு மத்தியக் கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை, மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள். அதற்கு மேல் ஆய்வுத் திட்டத்தோடு விண்ணப்பிப்பவர்களுக்கு இளநிலை, முதுநிலை நல்கைகள் இருக்கின்றன. 1955-இல் தொடங்கிய தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் திட்டங்களையும் பாருங்கள்.

தூர்தர்ஷன் தரநிலை, கலைஞர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஐசிசிஆர் என்ற அரசு அமைப்பின் கலைஞர் பட்டியல் இரண்டும் நேரடியாகச் சோறு போடாது. ஆனால் அரசு விழா, வெளிநாட்டு விழா அமைப்பாளர்கள் அவற்றைக் கேட்பார்கள். சன்மானம் பேசும்போதும் உங்கள் பக்கம் பலம் சேரும்.

பள்ளி, கல்லூரி வேலை கிடைத்தால் கலை தேங்கிவிடும் என்கிறார்களே?

மாதச் சம்பளமும் வருங்கால வைப்புநிதியும் கலையைத் தேக்குவதில்லை. இரவு பத்து மணிவரை ஆண்டுவிழா ஒத்திகை வாங்கும் பள்ளிதான் தேக்கும். சேரும் முன் வாரத்துக்கு எத்தனை பாடவேளை, ஆண்டுவிழாப் பயிற்சிக்குத் தனித் தொகை உண்டா, வெளிக் கச்சேரிக்கு விடுப்பு உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கல்லூரி ஆசிரியர் பணிக்குப் பொதுவாக முதுகலையோடு நெட் போன்ற தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும். 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்ராவின் டிப்ளமோவோ, குருவிடம் கற்ற பயிற்சியோ மட்டும் உள்ளவர்கள் இதை முன்பே திட்டமிட வேண்டும்.

குரு இருக்கும் ஊரிலேயே தனியாக வகுப்பு தொடங்கினால் துரோகமா?

துரோகம் இல்லை. கற்றதைக் கற்றுத்தருவதுதான் பரம்பரை நீள்வதற்கு வழி. ஆனால் மூன்றாம் நபர் சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. தட்டில் பழம் வைத்து நேரில் போய்ச் சொல்லுங்கள். அவருடைய மாணவர்களைக் கூப்பிடாதீர்கள், தானாக வருபவரையும் அவரிடம் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள்.

அதன் பிறகும் கோபப்பட்டால் அந்தக் கோபம் ஆற நேரம் கொடுங்கள். ஆனால் 'இருபது கிலோமீட்டருக்குள் வகுப்பு எடுக்க மாட்டேன்' என்பதைப் போன்ற வாக்குறுதியை மாணவப் பருவத்திலேயே எழுதி வாங்கியிருந்தால் அதற்காகப் பயந்து வீட்டில் உட்கார வேண்டாம். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு பொதுவாகச் செல்லாததாக்குகிறது.

மூத்த மாணவி சின்னக் குழந்தைகளுக்கு அடவு (அடிப்படை நடன அசைவு) சொல்லித்தருகிறாள். சம்பளம் தர வேண்டுமா?

தர வேண்டும். எப்போதாவது ஒரு நாள் தாளத்துக்குத் தட்டுக்கழி பிடிப்பது பயிற்சி. வாரா வாரம் ஒரு குழுவையே அவள் பார்த்துக்கொள்கிறாள் என்றால் அது வேலை. அவளிடம் கட்டணம் வாங்கிக்கொண்டே வேலையும் வாங்குவது இன்னும் மோசம். பணமாகத் தருவதா, கட்டணத்தைக் கழிப்பதா என்பதை அவளிடமும் பெற்றோரிடமும் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள். நாட்டிய நாடகத்தில் ஆடும் மாணவர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும்: சன்மானம் வாங்கிய நிகழ்ச்சி என்றால் அவர்களுக்கும் பங்கு உண்டு, சிறியதாயினும்.

கச்சேரி நடத்தும் சபாக்களிடம் நாம் கேட்கும் நேர்மையை நம் கூடத்திலேயே முதலில் நடத்திக் காட்ட வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

அரங்கேற்றத்தில் தையல்காரர், ஒப்பனைக்காரர், மண்டபம் எல்லோரும் ஆசிரியருக்குக் கமிஷன் தருகிறார்களே. வாங்கலாமா?

பெற்றோருக்குத் தெரியாமல் வாங்கவே கூடாது. அரங்கேற்றம் ஓர் ஆசிரியருக்குப் பல மாத உழைப்பு: உருப்படி அமைத்தல், தனி வகுப்பு, ஒத்திகை, நட்டுவாங்கம். அவற்றுக்கு வெளிப்படையாக ஒரு கட்டணம் சொல்லி, பட்டியலில் எழுதுங்கள். அந்தத் தொகையைச் சொல்லக் கூச்சப்படுவதால்தான் பலர் பின்வாசல் வழியைத் தேடுகிறார்கள். கூடவே, குடும்பத்தால் தாங்க முடியாத செலவை 'கௌரவம்' என்று சொல்லித் தலையில் கட்டாதீர்கள். கோயில் மண்டபத்தில் நாற்பது பேர் முன்னிலையில் நடப்பதும் அரங்கேற்றம்தான்.

நான் அமைத்த வர்ணத்தை வேறொருவர் தன் பெயரில் ஆடுகிறார். உரிமை உண்டா?

அடவும் முத்திரையும் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அவற்றைக் கோத்து நீங்கள் புதிதாக அமைத்த நடன அமைப்பைப் பதிப்புரிமைச் சட்டம் நாடகப் படைப்பு வகையில் சேர்க்கிறது. எழுத்திலோ வேறு வகையிலோ அது நிலையாகப் பதிவாகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே ஜதி (தாளச் சொற்கட்டு), சஞ்சாரி (பாடல் வரியை விரித்துக் காட்டும் அபிநயம்), மேடை நகர்வு ஆகியவற்றைத் தேதியோடு குறிப்பேட்டில் எழுதுங்கள், காணொளியும் எடுங்கள். பள்ளியில் சம்பளத்துக்கு இருக்கும்போது வேலையின் பகுதியாக அமைத்தது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை பள்ளிக்கே போகும். அதைச் சேரும்போதே பேசுங்கள். நடைமுறையில் பெரும்பாலான தகராறுகள் "அமைப்பு: இன்னார்" என்று அறிவிக்கச் சொல்வதோடு தீர்ந்துவிடும்.

ஓர் அமைப்பாளரின் நடத்தை சரியில்லை. சொன்னால் வாய்ப்பு போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் தனியாக இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தற்காலிகமாகவும் ஒரு நாளுக்காகவும் வேலைக்கு வந்தவருக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். இல்லாத இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். வந்த செய்திகளை அழித்துவிடாதீர்கள், நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லுங்கள்.

பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட மாணவர் என்றால் அது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்துக்குள் வரும். தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். அதில் 'வகுப்பின் பெயர் கெட்டுவிடும்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

முழங்கால் போய்விட்டால்? குழந்தைப்பேறு வந்தால்? அப்போது எப்படிச் சமாளிப்பது?

கட்டணக் கணக்கில் காப்பீடும் சேமிப்பும் என்ற தொகையைத் தொடாதீர்கள் என்றது இதற்காகத்தான். அடுத்தவர் போடும் வைப்புநிதி நமக்கு இல்லை. மருத்துவக் காப்பீட்டை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுங்கள். மகப்பேற்றுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு என்பதால் திருமணத்துக்கு முன்பே பாலிசியைப் படித்துப் பாருங்கள். பிபிஎப் (பொது வருங்கால வைப்புநிதி) கணக்கை ஆண்டுக்கு 500 ரூபாயில்கூடத் தொடரலாம், முதிர்வு 15 ஆண்டு. ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தை வங்கிக் கணக்கிலிருந்தே எடுக்கலாம்.

உடம்பைக் காப்பதும் கணக்கில் சேரும். சிமென்ட் தரையில் தினமும் தட்டினால் கணுக்காலும் முழங்காலும் கணக்கு கேட்கும். கூடம் தேடும்போது வாடகைக்கு அடுத்து தரையைத்தான் பார்க்க வேண்டும், மரத்தளமோ அடியில் நெகிழ்வுள்ள விரிப்போ இருந்தால் சில நூறு ரூபாய் கூடுதலாகத் தரலாம். அரைமண்டியில் (முழங்காலை மடக்கி நிற்கும் நிலையில்) பாதத்தின் திசையிலேயே முழங்கால் போகிறதா என்று பாருங்கள். ஆடாத மாதங்களில் செய்யக்கூடிய வேலைகளையும் இப்போதே வளர்த்து வையுங்கள்: நட்டுவாங்கம், இணையவழிப் பாடம், அபிநய வகுப்பு, அபிநயத்துக்கான பாடல் ஆராய்ச்சி.

வெளிநாட்டிலிருந்து அழைக்கிறார்கள். சுற்றுலா விசாவில் போய் ஆடிவிட்டு வந்தால் போதும் என்கிறார்கள்.

போகாதீர்கள். அமெரிக்காவுக்கென்றால் மரபுக் கலை நிகழ்த்துபவர்களுக்குப் பி-3 என்ற தனி விசா வகை இருக்கிறது, அதற்கு அங்குள்ள அமைப்போ முகவரோ மனுச் செய்ய வேண்டும். சுற்றுலா விசாவில் சன்மானம் வாங்கி ஆடியது தெரிந்தால் திருப்பி அனுப்புவார்கள், அடுத்த விசாவும் சிக்கலாகும். அதன் விளைவு அழைத்தவருக்கு அல்ல, உங்களுக்குத்தான்.

அழைப்பில் விமானக் கட்டணம், தங்குமிடம், மருத்துவக் காப்பீடு, ஒரு வாரத்தில் எத்தனை நிகழ்ச்சி, இடையில் ஓய்வு நாள், பக்கவாத்தியக்காரர்களின் தொகை யார் பொறுப்பு என்பவை எல்லாம் இருக்க வேண்டும். முன்பணம் வந்த பிறகே இங்குள்ள வகுப்புகளுக்கு விடுமுறை அறிவியுங்கள். யாராவது ஒருவர் வகுப்பை நடத்த ஒத்துக்கொண்டால், மூத்த மாணவி பற்றிய கேள்வியில் சொன்னபடி அவருக்குரிய சம்பளத்தைப் பயணத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.